மொரிஷியஸ் கோடையில், தைப்பூச ஏழு கறிக்கு வேண்டிய காயை வீட்டுத் தோட்டத்திலேயே எடுக்க முடியுமா?

கேட்டது இது: கடலோரத்தில் அரை ஏக்கர் குடும்பத் தோட்டம். தைப்பூசத்தன்று நூறு பேருக்கு இலை போட்டு, ஏழு வகைக் காய்கறிக் கறி பரிமாற வேண்டும். எதை எப்போது விதைப்பது, எப்போது பறிப்பது, எப்படிச் சமைப்பது?

தாராளமாக முடியும். பெரும்பாலும் பிசகுவது நாள் கணக்கில்தான். தைப்பூசம் 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1 என்று மாறிக்கொண்டே இருக்கும். இந்தத் தீவுக்கு அது நடுக்கோடை. வெயில், மழை, புயல் மூன்றும் சேர்ந்து வரும் காலம். அதனால் தேதியைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

பிப்ரவரி 1-ஐ வைத்துச் சொல்கிறேன். பூசணி முற்ற 90 முதல் 100 நாள் ஆகும்; பறித்தபின் நிழலில் வைக்கும் பத்து நாளையும் சேர்த்தால், விதை அக்டோபர் நடுவிலேயே மண்ணில் இருக்க வேண்டும். கத்தரி நாற்றை நவம்பர் நடுவில் நடுங்கள். பீர்க்கும் பாகலும் டிசம்பர் முதல் வாரத்துக்குள், வெண்டை டிசம்பர் 10-ஐ ஒட்டி. இங்கே பிரேத் மால்பார் என்கிற கீரைக்கு 25 முதல் 30 நாள் போதும் என்பதால் ஜனவரி தொடக்கத்தில் தூவலாம். கீரையை மட்டும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். நான்கைந்து நாள் இடைவெளியில் மூன்று பாத்தி போட்டால், ஒன்று மழையில் அடிபட்டாலும் வெயிலில் பூவெடுத்தாலும் இன்னொன்று கை கொடுக்கும்.

கோஸும் கேரட்டும் வாக்குவா, லா மாரி மாதிரியான மேட்டு நிலத்துக்காரர்களிடம் வாங்கிக்கொள்வதே நல்லது. கடலோரச் சூட்டில் கோஸ் சரியாகச் சுற்றாது. தக்காளியையும் நம்ப வேண்டாம். இரவுச் சூட்டில் பூ உதிர்கிறது, மழை விட்டதும் பழம் வெடிக்கிறது, வாடல் நோய் வந்தால் செடியே போய்விடும். ரசத்துக்குப் புளி இருக்கிறது.

பறிப்பில் அதிகக் கவனம் வேண்டியது வெண்டைக்கு. பூ உதிர்ந்து ஐந்தாறு நாளில் காய் தயார், எட்டாம் நாளில் நார். நுனியை வளைத்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்து நின்றால் அது விதைக்குத்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அறுப்பது கோடையில் கட்டாயம். முற்றிய காயைச் செடியிலேயே விட்டால் புதுப் பூ குறைந்துவிடும். விசேஷத்துக்கு மூன்று நாள் முன்பு பெரியது, நடுத்தரம் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிடுங்கள். முந்தின நாள் காலையில் அறுப்பதெல்லாம் பிஞ்சாக, ஒரே அளவாக இருக்கும்.

கத்தரிக்குத் தோலின் மினுமினுப்புதான் அளவு. மங்கினால் உள்ளே விதை பழுத்து, கறி கசக்கும். சுரைக்காயில் நகம் எளிதாக இறங்க வேண்டும். பூசணிக்கு நேர்மாறு: நகம் இறங்கவே கூடாது, காம்பு காய்ந்து தக்கைபோல் ஆகியிருக்க வேண்டும். நாலு விரல் நீளக் காம்போடு வெட்டி, நிழலில் பத்து நாள் வைத்தால் இனிப்பு கூடும். காம்பு ஒடிந்த காய் அந்த இடத்திலிருந்து அழுகும். அதை முதலில் சமைத்துவிடுங்கள்.

பீர்க்கு, பாகலுக்குப் பழ ஈ பெரிய எதிரி. பிஞ்சிலேயே தோலில் குத்தி முட்டை இடும். காய் கோணிக்கொண்டு போவது அதனால்தான். விரல் நீளம் வந்ததும் காகிதப் பை மாட்டுங்கள். மருந்து அடித்தால், அதன்பின் பறிக்காமல் விட வேண்டிய காத்திருப்புக் காலம் விசேஷ நாளுக்குள் முடியாமல் போகலாம். கீழே விழுந்த காயை வரப்பில் போடாமல், கறுப்புப் பையில் இறுகக் கட்டி வெயிலில் வைத்தால் புழு உள்ளேயே சாகும்.

அறுப்பு விடியலில். எட்டு மணிக்கு மேல் அறுத்த காய் சூட்டைச் சுமந்துகொண்டே கூடைக்குள் வருகிறது. மூட்டையாகக் கட்டினால் மதியத்துக்குள் வாடிப்போகும். நிழலில் பரப்பி, மேலே ஈரச் சாக்கு போடுங்கள். வெண்டையைக் கழுவி வைத்தால் கறுக்கும். வெண்டையையும் கத்தரியையும் குளிர்சாதனப் பெட்டியின் கடுங்குளிரில் வைத்தால் தோல் குழி விழும்; ஓர் இரவுக்குக் காற்றோட்டமான அறையே போதும்.

அடுத்தது புயல். பெலால் புயல் 2024 ஜனவரி 15-இல் தீவைத் தாக்கியது. தைப்பூசத்துக்குப் பத்தே நாள் இருந்தது. இரண்டாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்ததுமே பந்தல் காய்களை இறக்கிவிடுங்கள், மூன்றாவது வரை காத்திருந்தால் வயலில் நிற்க முடியாது. முற்றிய பூசணி வீட்டுக்குள் வந்துவிட்டால் ஒரு கறி நிச்சயம். காற்றில் சாய்ந்த வாழையின் காய், விழுந்த பலாப்பிஞ்சு இரண்டும் நல்ல கறி ஆகும். பலாப்பிஞ்சின் கொட்டையில் கத்தி எளிதாக இறங்க வேண்டும்; கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குங்கள். பிரேத் சோன்ஜ் என்கிற சேம்பு இலையும் புயலுக்குப் பின் சீக்கிரம் தளிர்க்கும். அதை நன்றாகக் குழைய வேகவைத்துப் புளி சேர்க்காவிட்டால் தொண்டை அரிக்கும்.

நூறு இலைக்குப் பூசணி 10 கிலோ வேண்டும், தோலும் விதையும் நீக்கிய எடை. எண்ணெய் கால் லிட்டர், காய்ந்த மிளகாய், பூண்டு, தைம் என்கிற வாசனை இலை ஒரு கொத்து. உப்பை முதலிலேயே போட்டு மூடி, சிறு தீயில் அதன் நீரிலேயே வேகவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். ஒரே ஆழமான பானையில் வைத்தால் மேலே வேகும்முன் அடி பிடிக்கும். அகலமான இரண்டு பாத்திரம் வையுங்கள். குழம்பு மாதிரி நீர் விட்டுக்கொண்டால் பூசணி இளசு என்று அர்த்தம். மூடியைத் திறந்து சுண்டவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அஷார் என்கிற காய் ஊறுகாயை இரண்டு நாள் முன்பே போடுங்கள், ஊறினால்தான் சுவை. பீன்ஸ் 2 கிலோ, கேரட், கோஸ் ஒன்றரைக் கிலோ வீதம், மெல்லிய குச்சியாக நறுக்கி 100 கிராம் உப்புப் பிசறி ஒரு மணி நேரம் வைத்து, இறுகப் பிழிந்து, துணியில் பரப்பி இரண்டு மூன்று மணி நேரம் வெயில் காட்டுங்கள். பீன்ஸை மட்டும் பிசறும்முன் இரண்டு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்துவிடுங்கள். அஷார் இரண்டாம் நாளே புளித்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் காயில் தங்கிவிடும் ஈரம்தான். 600 மில்லி எண்ணெயைக் காயவைத்து அடுப்பை அணைத்த பிறகு, நசுக்கிய பூண்டு 150 கிராம், அரைத்த கடுகு 100 கிராம், மஞ்சள் மூன்று மேசைக்கரண்டி போடுங்கள். அடுப்பு எரியும்போது போட்டால் மஞ்சள் கருகிக் கசக்கும். கீறிய பச்சை மிளகாயும் கால் லிட்டர் வினிகரும் காயோடு சேர்த்து, எண்ணெய் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கலக்குங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் காய் வெந்து, நறுக்கென்ற கடி போய்விடும். மழை நாளாக இருந்து வெயில் கிடைக்காவிட்டால், காயை மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு உலர்த்தலாம்.