கூரை ஏறத் துடிக்கும் பிள்ளைக்காக வீட்டை ஏன் அடகு வைக்க வேண்டும்?

டெக்சாஸ் மாநிலத்தின் பிளேனோ நகரிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்குப் பத்தொன்பது வயது; சமுதாயக் கல்லூரியில் ஓராண்டு முடித்திருக்கிறான். வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் கணினி அறிவியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணமும் தங்குமிடமும் சேர்த்து ஆண்டுக்கு 58,000 டாலர் ஆகும். வீட்டின் மேல் கடன் வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். நியூ ஜெர்சியிலுள்ள பெரியப்பாவும் சென்னையிலுள்ள மாமாவும் இந்த இடத்தை விட்டுவிடக் கூடாது என்று வாரம் தவறாமல் அழைத்துச் சொல்கிறார்கள். பையனோ, ஆலங்கட்டி மழைக்குப் பிறகு சேதத்தை மதிப்பிட வந்த காப்பீட்டு அட்ஜஸ்டருடன் கூரையில் ஏறி இறங்கிய நாள் முதலாக, அந்த வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறான்.

அம்மா, உங்கள் கலக்கம் நியாயமானதுதான். ஆனால் நிரல் எழுதும் பாடத்தை அவன் இரண்டு முறை பாதியில் கைவிட்டதாக நீங்களே கடிதத்தின் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். இன்னும் மூன்றே ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டாலும் 1,74,000 டாலர் ஆகிறது. பிடிக்காத படிப்புக்காக அவ்வளவு பெரிய தொகையை, குடியிருக்கும் வீட்டை ஈடாக வைத்து வாங்குவதற்கு நான் உடன்பட மாட்டேன். பெரியப்பாவோ மாமாவோ அந்தத் தவணையைக் கட்டப் போவதில்லை.

கணினித் துறையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது எதுவுமில்லை. பையன் கேட்கும் தொழிலைப் பற்றித்தான் உங்கள் வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை.

அட்ஜஸ்டர்களில் மூன்று வகையினர் உண்டு. காப்பீட்டு நிறுவனத்திலேயே மாதச் சம்பளத்துக்கு இருப்பவர் ஒருவர். ஒப்பந்த அடிப்படையில், ஓர் இழப்பீட்டுக் கோரிக்கைக்கு இவ்வளவு என்று கூலி பெற்று, நிறுவனங்களுக்காகச் சேதத்தை மதிப்பிடுபவர் இண்டிபெண்டன்ட் அட்ஜஸ்டர். வீட்டுக்காரரின் சார்பில் நின்று நிறுவனத்திடம் இழப்பீட்டைப் பேசி வாங்கித் தருபவர் பப்ளிக் அட்ஜஸ்டர். வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் இழப்பீட்டில் ஒரு பங்குதான் இவருடைய ஊதியம். உங்கள் வீட்டுக் கூரையில் சாக்பீஸால் பத்தடிக்குப் பத்தடிச் சதுரம் வரைந்து, அதற்குள் ஆலங்கட்டி பட்ட தழும்புகளை ஒவ்வொன்றாக எண்ணியவர் முதல் இரண்டு வகைகளில் ஒருவராக இருந்திருப்பார். அவர் விட்டுப்போன தழும்புகளை உங்கள் மகன் காட்டிக்கொடுத்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

டெக்சாஸில் இதற்கு உரிமம் வழங்குவது மாநிலக் காப்பீட்டுத் துறை. பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், பட்டம் தேவையில்லை. அங்கீகரிக்கப்பட்ட 40 மணி நேரப் பயிற்சியை முடித்து அதன் இறுதித் தேர்வில் தேறினால் மாநிலத் தேர்வை எழுத வேண்டியதில்லை. விண்ணப்பக் கட்டணம் 50 டாலர். கைரேகைப் பதிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. பயிற்சிக்குச் சில நூறு டாலர் ஆகும். பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை 24 மணி நேரத் தொடர்கல்வி பெற வேண்டும். அவ்வளவுதான்.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவதுதான் இந்தத் தொழிலின் சிக்கல். கவனமாகப் படிப்பவனுக்கு அதுவே வாய்ப்பும்கூட. டெக்சாஸ் உரிமம் கையில் இருந்தால், உரிமம் கேட்கும் பெரும்பாலான மாநிலங்களில் மறுபடியும் தேர்வெழுதாமல் விண்ணப்பிக்கலாம். நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் இந்தப் பரஸ்பர ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கின்றன. கலிஃபோர்னியா இண்டிபெண்டன்ட் அட்ஜஸ்டரிடம் இரண்டாண்டு, அதாவது 4,000 மணி நேர அனுபவம் கேட்கிறது. பெரியப்பா வசிக்கும் நியூ ஜெர்சியிலோ இண்டிபெண்டன்ட் அட்ஜஸ்டருக்கு உரிமமே கிடையாது, பப்ளிக் அட்ஜஸ்டருக்கு மட்டும் உண்டு. அப்படிப்பட்ட மாநிலங்களில் குடியிருப்பவர்கள் டெக்சாஸ் அல்லது ஃபுளோரிடா உரிமத்தையே தாய் உரிமமாக எடுத்து மற்ற மாநிலங்களுக்குப் போகிறார்கள். உங்கள் மகன் பிறர் தேடி வந்து வாங்கும் உரிமம் கிடைக்கும் இடத்திலேயே குடியிருக்கிறான்.

பப்ளிக் அட்ஜஸ்டர் ஆகும் ஆசை இப்போதைக்கு வேண்டாம். டெக்சாஸில் அதற்கு வேறு உரிமமும் 10,000 டாலர் பிணைப்பத்திரமும் தேவை. இழப்பீட்டில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது. ஃபுளோரிடாவில் பிணை 50,000 டாலர். வழக்கமான உச்சவரம்பு இருபது விழுக்காடு, ஆளுநர் அவசரநிலை அறிவித்த புயல்களுக்கு முதல் ஓராண்டு வரை பத்து. லூசியானாவில் விழுக்காட்டுக் கணக்கே கூடாது. மணிக்கூலியோ நிலையான தொகையோதான் பெறலாம். இன்னொன்று: கூரை போடும் ஒப்பந்தக்காரரே வீட்டுக்காரருக்காக இழப்பீட்டையும் பேசித் தருவதை டெக்சாஸ் சட்டம் தடுக்கிறது, அந்தத் தடை செல்லும் என்று 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. “எங்களோடு கூரை வேலைக்கு வா, க்ளெய்மையும் நீயே பேசிவிடு” என்று யாராவது அழைத்தால் அவன் போகக் கூடாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். புயலும் ஆலங்கட்டியும் இல்லாத மாதங்களில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்யும் அட்ஜஸ்டருக்கு வருமானம் இருக்காது. மருத்துவக் காப்பீட்டை அவரே வாங்க வேண்டும். புகைப்படத்தையும் டிரோனையும் வைத்து மதிப்பிடும் முறை பரவுவதால் அட்ஜஸ்டர் வேலைகள் குறையும் என்றே மத்திய தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகமும் கணிக்கிறது. ஆகவே முதல் இரண்டாண்டு ஏதாவதொரு காப்பீட்டு நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேரட்டும். சேதத்தைச் சீரமைக்க ஆகும் செலவைக் கணக்கிடும் எக்ஸாக்டிமேட் மென்பொருளில் மதிப்பீடு போடக் கற்கட்டும். சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பில் பட்டப்படிப்பைத் தொடரட்டும். அனுபவம் சேர்ந்த பிறகு ஒப்பந்தத்துக்குப் போவதா, வீட்டுக்காரர் பக்கம் நிற்பதா என்பதை அவனே முடிவு செய்துகொள்வான்.

அவனிடம் கிரீன் கார்டு இருப்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு வேலை செய்ய அனுமதியில்லை என்பதால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

கைரேகைக்குப் பதிவு செய்யும்போதும் விண்ணப்பத்திலும் கிரீன் கார்டில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்கு ஓர் ஆவணத்தில் அப்பா பெயர் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் வந்து நிற்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் கோப்பு அங்கேயே கிடக்கும்.