‘பென்னி வைஸ் அண்ட் பவுண்ட் ஃபூலிஷ்’: வாக்கியத்தில் எப்படி எழுதுவது?

"கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது" என்று நம்ம ஊரில் சொல்வார்களே, அதேதான் இந்த ஆங்கிலத் தொடரும். சில்லறையை மிச்சம் பிடிக்கப் போய்ப் பெரும் பணத்தைக் கோட்டை விடுவது. பிரிட்டிஷ் நாணயத்தில் 1971 வரை ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. அந்த இடைவெளியை நினைத்தால் சொல்லின் சூடு புரியும்.

காரைக்குடிப் பக்கம் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. பர்மா தேக்கு போட்ட பெரிய வீட்டில் நாலு நாட்டு ஓடு உடைந்திருக்கும். செலவு எதற்கு என்று பங்காளிகள் இரண்டு மழைக்காலம் தள்ளிப்போடுவார்கள். தண்ணீர் இறங்கி உத்தரமே இற்றுப்போகும். அந்த மரத்துக்கு இன்று எங்கே போவது? பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. இதை, "இட் வாஸ் பென்னி வைஸ் அண்ட் பவுண்ட் ஃபூலிஷ் டு போஸ்ட்போன் தி ரூஃப் ரிப்பேர்" என்று எழுதலாம். ஒருவரிடம் நேராகச் சொல்வதென்றால், "டோன்ட் பி பென்னி வைஸ் அண்ட் பவுண்ட் ஃபூலிஷ்".

அப்புறம், எல்லா அசட்டு முடிவுக்கும் இது பொருந்தாது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்துவிட்டு விலை கூடிய கிரானைட் போடுவது தவறுதான்; ஆனால் அங்கே சிக்கனம் இல்லையே. அதற்கு ‘அன்வைஸ் டிசிஷன்’ என்றாலே சரி.