ரீச்சர் இல்லாத நாளுக்கு என்ன பேர்?

கேள்வி: மாசம் முடியச் சம்பளம், லீவு, பென்ஷன் எல்லாம் எங்கட வரிக் காசில. அதுக்குப் பிறகும் ரீச்சர்மாரும் சேர்மாரும் ஸ்ட்ரைக் எண்டு றோட்டுக்கு வாறது நியாயமா? அரசாங்க ஊழியர் ஸ்ட்ரைக் பண்ண ஏலாது எண்டு ஒரு சட்டம் போட்டா என்ன?
– ஒரு தகப்பன், களுவாஞ்சிக்குடி

பதில்: சட்டமா? அது 1979லயே வந்திட்டு ஐயா. அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டம் எண்டு பேர், ஜனாதிபதி ஒரு வர்த்தமானி அடிச்சா போதும், வேலைக்கு வராதவன் குற்றவாளி. மற்ற வருசமே, 1980 ஜூலையில, 300 ரூபா கூட்டித் தாங்க எண்டு கேட்ட அரச ஊழியர் கிட்டத்தட்ட 40,000 பேர வீட்டுக்கு அனுப்பினாங்க. அதே 1980லதான் பிள்ளைகளுக்கு இலவசப் பாடப்புத்தகமும் குடுக்கத் தொடங்கின. ஒரு கையால புத்தகம், மற்றக் கையால வேலைநீக்கக் கடிதம். உங்களுக்குப் புத்தகம் மட்டும்தான் ஞாபகம் இருக்கு போல.

2021ல நடந்ததையும் ஒள்ளுப்போல யோசிங்க. 1997ல தொடங்கின ரீச்சர்மார்ற சம்பள முரண்பாடு, 24 வருசமா எத்தனை கமிட்டி, எத்தனை அறிக்கை. கொரோனாக்குள்ள ஸ்கூல் பூட்டி, சொந்தப் போனில சொந்தக் காசுக்கு டேட்டா போட்டு ஒன்லைன்ல படிப்பிச்ச ஆக்கள்தான் ஜூலை 12ல இருந்து அதை நிப்பாட்டின. அதுக்கு நாலு நாளைக்கு முந்தி, கொத்தலாவல பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிரா, அதாவது படிப்பைக் காசுக்கு விக்காதீங்க எண்டு போராடப் போன இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் சேரையும் மத்தவங்களையும் பிடிச்சு, கோட்ஸ் பிணை குடுத்த பிறகும் தனிமைப்படுத்தல் எண்டு சொல்லி முல்லைத்தீவுக்குக் கொண்டு போனாங்க. அது சம்பளத்துக்காகப் போன ஊர்வலம் இல்ல, உங்கட பிள்ளைக்காகப் போனது. 2012ல கம்பஸ் விரிவுரையாளர்மார் மூண்டு மாசத்துக்கு மேல ஸ்ட்ரைக் பண்ணக்குள்ளயும் கேட்டது இதுதான், தேசிய உற்பத்தியில 6 சதவீதத்தைக் கல்விக்குப் போடுங்க எண்டு. இண்டைக்கும் ரெண்டு சதவீதத்துக்குக் கிட்டத்தான் நிக்குது.

மறுகா, நாசமாப் போற படிப்பைப் பத்திச் சொல்லுவம். உங்கட ஊர்ல இருந்து குருமண்வெளி எட்டித் தொடுற தூரம். அங்க பாதையில, அதாவது வாவியைக் கடக்கிற மிதவையில, ஏறி மண்டூர்ல இறங்கி, இன்னும் ஒள்ளம் உள்ளுக்குப் போய்ப் பாருங்க. கணக்குக்கு ஆள் இல்ல, விஞ்ஞானத்துக்கு ஆள் இல்ல, இங்கிலீசுக்கு வந்த ரீச்சர் அடுத்த இடமாற்றத்துக்கு இப்பவே போர்ம் நிரப்பி வச்சிருக்கா. ஸ்ட்ரைக் நடந்த நாளை விரல் விட்டு எண்ணுறீங்க, வருசக்கணக்கா ரீச்சரே இல்லாத நாளை யாராவது எண்ணினமா? அதுக்கு ஒரு பேர் கூட இல்ல. அதுவும் ஸ்ட்ரைக்தான், அரசாங்கம் பண்ற ஸ்ட்ரைக், அதுக்கு வர்த்தமானியும் வராது கண்ணீர்ப்புகையும் வராது.

சேர்மாரும் ஒண்டும் சும்மா தப்பேலாது. வாவிக்கு அங்கால இருக்கிற படுவான்கரைக்குப் போகாம இருக்க அரசியல்வாதிக்கிட்டக் கடிதம் வாங்குறது ஆரு? வகுப்பில பாதிப் பாடத்தை விட்டுட்டு மீதியைப் பின்னேரம் ரியூசன்ல முடிக்கிறது ஆரு? எல்லாரும் இல்ல, ஆனா இருக்காங்க, எங்களுக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும். சங்கங்கள்ற கோரிக்கை லிஸ்ட்ல சம்பள முரண்பாடு முதலாவதா நிக்கட்டும், நியாயம்தான், ஆனா அந்த வெற்றிடத்தை நிரப்புங்க எண்டதையும் அதே சத்தத்தில கேட்டாத்தான் அடுத்த தரம் தாய் தகப்பனும் கூட வந்து நிக்கும். அதைச் சங்கக்காரரிட்ட முகத்துக்கு நேரே நாங்களும் சொல்லி இருக்கம், சிலருக்குக் கோபம்.

விபுலாநந்த அடிகள் 1929ல கல்லடி உப்போடையில சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கக்குள்ள இலவசக் கல்விச் சட்டமே இல்ல, அது 1945லதான் வந்த. அந்த இலவசத்தில படிச்சுத்தான் நீங்களும் இந்தக் கேள்வியை எழுதி இருக்கீங்க, நானும் பதில் எழுதுறன்.

வரிக் காசு எண்டு சொன்னீங்க. ரீச்சரும் கடையில சீனி வாங்கக்குள்ள அதே வரியைத்தான் கட்டுறா. அடுத்த முறை கேள்வி எழுதக்குள்ள, உங்கட பிள்ளைற ஸ்கூல்ல எத்தனை பாடத்துக்கு ஆள் இல்ல எண்டும், மாசம் ரியூசனுக்கு எவ்வளவு கட்டுறீங்க எண்டும் சேத்து எழுதுங்க. போடுறம்.