வேலூர்: அரை நாள் மீதம், பத்து வயது மகளுடன் அருங்காட்சியகம்

அப்பாவின் சிகிச்சைக்காக வேலூர் வருகிறீர்கள், ஒரு மதியம் மட்டும் கையில் இருக்கிறது, மகள் "பழைய கல்லெல்லாம் போரடிக்கும்" என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கே போங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை.

சிற்ப வரிசையில் தொடங்காதீர்கள். நேரே தந்தத்தால் ஆன சதுரங்கப் பலகையிடம் அழைத்துப் போங்கள். இலங்கையின் கண்டி நாட்டுக் கடைசி அரசர் விக்கிரம ராஜசிங்கன் பயன்படுத்தியது. 1815இல் ஆங்கிலேயர் பிடித்து, இந்தக் கோட்டையில்தான் குடும்பத்தோடு சிறை வைத்தார்கள். 1832இல் இறக்கும் வரை அவர் ஊர் திரும்பவே இல்லை. நாடு போன ராஜா யாரோடு விளையாடியிருப்பார் என்று மகளிடமே கேளுங்கள். என் அக்கா மகன் அந்தக் கேள்வியோடு வெகுநேரம் அங்கேயே நின்றான். அப்புறம் வெண்கல வாள், பல்லவர் காலத்துக் கற்சிலைகள் எல்லாவற்றையும் அவனாகவே பார்த்தான்.

நேரம் இருந்தால் அதே கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களையும் காட்டுங்கள். விக்கிரம ராஜசிங்கனின் சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது. அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்பா நல்லபடியாகக் குணமாகட்டும்.