அந்த அலை கெட்டதா, தாத்தா?

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன். அண்மையில் பேரப்பிள்ளைகளுடன் பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது 2004ஆம் ஆண்டுச் சுனாமியைப் பற்றிச் சொன்னேன். “அந்த அலை கெட்டதா, தாத்தா?” என்று பேத்தி கேட்டாள். கடலுக்கு நல்லது கெட்டது தெரியாதம்மா என்றேன். “அப்படியென்றால் மனுஷங்களே இல்லாவிட்டால் உலகத்தில் கெட்டதே இருக்காதா?” என்றாள். விடை தெரியாமல் விழித்தேன். தாங்கள் விளக்க வேண்டும். (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: ஐயா, தீங்கு, தீமை என்ற இரு சொற்களையும் நாம் பெரும்பாலும் ஒன்றாகவே புழங்குகிறோம். பேத்தியின் கேள்விக்காக அவற்றைச் சற்றுப் பிரித்துக்கொள்கிறேன். ஓர் உயிருக்கு நேரும் வலியையும் அழிவையும் தீங்கு என்று வைத்துக்கொள்வோம். செய்யாமல் இருந்திருக்கக்கூடிய ஒருவர், பிறருக்கு வலிக்கும் என்று அறிந்தே செய்வதையும், அறிந்துகொள்ளவே மனமில்லாமல் செய்வதையும் தீமை என்று வைத்துக்கொள்வோம்.

தீங்குக்கு மனிதர் தேவையில்லை. என் வீட்டுக் கொல்லையில் சேம்பிலையைத் தின்றுகொண்டிருந்த பச்சைப் புழு ஒன்றின் முதுகில், அரிசி மணிகளை நட்டுவைத்ததுபோல வெள்ளைக் கூடுகளைக் கண்டேன். ஒருவகைக் குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிட, அதிலிருந்து பொரித்த குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து கட்டிய கூடுகள் அவை. புழு அப்போதும் உயிரோடு நெளிந்துகொண்டிருந்தது. இவ்வகைக் குளவிகளை எண்ணித்தான், அன்பே வடிவான கடவுள் வேண்டுமென்றே இப்படிப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என 1860இல் தம் அமெரிக்க நண்பருக்கு எழுதினார் சார்லஸ் டார்வின். அவருடைய கலக்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அந்தக் குளவியைத் தீயது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை, ஏனெனில் அதற்கு வேறு வழியொன்று திறந்திருக்கவே இல்லை.

அலையும் அப்படித்தான். 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை, நம் மலேசிய நேரப்படி ஒன்பது மணிக்குச் சற்று முன்பு சுமத்ராவை ஒட்டிக் கடலடி நிலம் அதிர்ந்தது. பினாங்குக் கரையை அலை தொட்டபோது நண்பகல் கடந்துவிட்டது. இடையில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இருந்தும், இந்தியப் பெருங்கடலுக்கென ஓர் எச்சரிக்கை அமைப்பு அன்று இல்லாததால், ஞாயிற்றுக்கிழமை என்று கடற்கரைக்குப் போனவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று அதே அலை வருகிறது என்றும், எச்சரிக்கையைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் தம் வசதிக்காக அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார் என்றும் எண்ணிப் பாருங்கள். நீரின் உயரமும் மாறாது, இறப்பவர் எண்ணிக்கையும் மாறாது. ஆனால் அன்று இல்லாத ஒன்று அந்த மணித்துளியில் உள்ளே வந்துவிடுகிறது. அதைத்தான் நான் தீமை என்கிறேன். ஆகவே, மனிதரைப்போல் அறிந்து தேர்ந்துகொள்ளும் எவரும் இல்லாத உலகில் வலி இருக்கும், தீமை இருக்காது என்று பேத்தியிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆனால் இன்னொன்றையும் அவள் வளர்ந்தபின் சொல்ல வேண்டும். மனிதரால் உண்டான தீமை, தனித்தனி மனிதரை விட்டு விலகி நின்று வேலை செய்யவல்லது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய இராணுவம் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டு, வாந்திபேதியிலும் பட்டினியிலும் மாண்டார்கள். அங்கிருந்து உயிரோடு திரும்பிய கெடா மாநிலத்துப் பெரியவர் ஒருவர், என் இளம்வயதில், தம் தோட்டத்தில் ஆள் பட்டியல் எழுதிய கிராணியை, அதாவது தோட்ட எழுத்தரை, பற்றிச் சொன்னார். கிராணி நல்ல மனிதர்; காய்ச்சல் என்றால் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கே மருந்து கொண்டுவந்து கொடுப்பவர். இத்தனை பேர் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது, அவர் எழுதினார். வாந்திபேதிக் கிருமியிடம் வன்மம் கிடையாது. மேலிடத்தைக் கேட்டால் அதற்கும் மேலே ஓர் இடம் இருந்திருக்கும். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்து, எவர் கையிலும் முழுதாக இல்லாமல், காகிதத்திலும் கணக்கிலும் அந்தத் தீமை நடமாடியிருக்கிறது. மனித இனத்துக்கு வெளியே தீமை இல்லை என்று சொல்லும் நான், ஒரு மனிதனுக்கு வெளியே அது இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன்.

கேள்வி: ஆணவ மலம், அதாவது உயிரை மறைக்கும் அழுக்கு, அநாதி என்கிறது சைவ சித்தாந்தம். அப்படியானால் தீமை மனிதருக்கு முன்பே இருந்தது என்றுதானே பொருள்? (வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பதில்: அம்மா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். கிறித்தவ ஞானி அகஸ்டின் தீமையை நன்மையின் குறைவு என்றார். அதற்கெனத் தனி இருப்பு கிடையாது என்பது அவர் கொள்கை. சித்தாந்தம் அப்படி ஒதுக்கிவிடாமல், ஆணவத்தை உள்பொருள் என்றே கொள்கிறது. உயிரைப் போலவே அதற்கும் தொடக்கம் கிடையாது. ஆனால் சித்தாந்திகள் அதற்குக் காட்டும் உவமைகளைப் பாருங்கள்: நெல்லில் உமி, செம்பில் களிம்பு. களிம்பு செம்பு ஆகாது; அதற்காகச் செம்பில்லாமல் காற்றில் களிம்பு பிடிப்பதும் இல்லை. உயிரைப் பற்றியே அது செயல்படுகிறது என்பதால், நான் மேலே சொன்னதற்கு இது பகையாகாது என்று கருதுகிறேன். நான் ‘மனிதர்’ என்று சொன்ன இடத்தில் சித்தாந்தம் ‘உயிர்’ என்று சொல்லும். அந்த அளவில் என் வாதம் குறுகியதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சித்தாந்த நூல்கள் எழுதிய உமாபதி சிவாசாரியார் ஆணவத்தை இருளோடு ஒப்பிட்டுவிட்டு, உடனே ஒரு வேறுபாட்டையும் சொல்கிறார். இருள் பிற பொருள்களைக் காட்டாது, ஆனால் இருள் இருக்கிறது என்பதையாவது காட்டிவிடும்; ஆணவம் பிற பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. இதைப் படிக்கும்போதெல்லாம் விளக்கடியில் குனிந்து, பெயர் பெயராகத் திருத்தமான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருக்கும் அந்தக் கிராணிதான் என் கண்முன் வருகிறார்.