வேறு பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் எடுப்பது எப்படி? டர்பன் நூலகரின் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் படிக்கிற நம் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. பல்கலைக்கழக நூலகம் ஒன்றில், வெளியாருக்குக் கடன் கொடுக்கிற பிரிவில் வேலை பார்க்கிறேன். கட்டணம் எத்தனை ரேண்ட் என்று எங்கும் எழுதவில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அதை ஆண்டுதோறும் தானே முடிவு செய்கிறது. போன வருடத் தொகையை நம்பிப் போனால் கவுன்டரில் ஏமாற்றம்தான்.

அக்கா, நான் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறேன். எனக்கு வேண்டிய இரண்டு புத்தகங்கள் க்வாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கின்றன. நேரே போய் எடுத்துக்கொள்ளலாமா? (சாட்ஸ்வர்த்)

நேரே போகாதீர்கள் தங்கச்சி. முதலில் உங்கள் சொந்த நூலகத்துக்குப் போங்கள். நம் மாகாணத்தின் பல்கலைக்கழக நூலகங்கள் கிழக்குக் கடலோர நூலகக் கூட்டமைப்பில் சேர்ந்து வேலை செய்கின்றன. கூட்டமைப்பு இருப்பதால் ஒரு கார்டு எல்லாக் கதவையும் திறந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பரஸ்பரக் கடன் என்பது நூலகத்துக்கும் நூலகத்துக்கும் உள்ள உடன்பாடு. அதற்குள் நீங்கள் நுழைய உங்கள் நூலகத்தின் அறிமுகக் கடிதம் வேண்டும்.

கடிதம் ஒரே ஒரு தாள்தான். உங்கள் பெயர், மாணவர் எண், என்ன படிப்பு, எந்தத் தேதிவரை செல்லும், கீழே நூலகரின் கையெழுத்தும் முத்திரையும். நீங்கள் யார் என்பதை மாணவர் கார்டு சொல்லும். நீங்கள் புத்தகத்தைத் திருப்பித் தராவிட்டால் யார் பொறுப்பு என்பதை இந்தக் கடிதம் சொல்லும். அதனால்தான் கார்டை மட்டும் நீட்டுகிறவர்களை நாங்கள் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. சொந்த நூலகத்தில் ஃபைன் பாக்கி இருந்தால் கடிதம் கிடைக்காது. அதை முதலில் கட்டிவிடுங்கள்.

போகும்போது கடிதம், மாணவர் கார்டு, இந்த ஆண்டு பதிவு செய்ததற்கான சான்று, முகவரிச் சான்று நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்புமுன் போன் செய்து புத்தகம் அலமாரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டலாக்கில் இருப்பதாகக் காட்டும் புத்தகம் ஷார்ட் லோனுக்கு, அதாவது குறுகிய நேரத்துக்கு மட்டும் தரும் பிரிவுக்குப் போயிருக்கலாம். ஷார்ட் லோனில் இருப்பதும், அகராதி போன்ற குறிப்பு நூல்களும் வெளியாருக்குப் பொதுவாகக் கிடைக்காது. எடுக்கிற புத்தகத்தின் எண்ணிக்கையும் நாட்களும் அவர்களுடைய மாணவர்களுக்கு இருப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். அவர்களுடைய மாணவர் யாராவது அதே புத்தகத்தைக் கேட்டால் நடுவிலேயே திருப்பிக் கேட்பார்கள்.

இரண்டே புத்தகம் என்றால் இன்னொரு வழியும் உண்டு. இன்டர்லைப்ரரி லோன் கேளுங்கள். உங்கள் நூலகமே அங்கிருந்து வரவழைத்துத் தரும், நீங்கள் ஊர் சுற்ற வேண்டாம். சில நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அலமாரி அலமாரியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்களுக்கு நேரில் போவது நல்லது. தலைப்பு தெரிந்தவர்களுக்கு இன்டர்லைப்ரரி லோன் போதும்.

எல்லாமே அரசுப் பணத்தில் நடக்கிற பல்கலைக்கழகங்கள். அப்புறம் ஏன் ஒன்றுக்கொன்று கட்டணம் கேட்கின்றன? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாட்டில் 26 அரசுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. எல்லா நூலகமும் சம அளவில் கொடுத்து வாங்கினால் கணக்கே வேண்டியதில்லை. ஆனால் அப்படி நடப்பதில்லை. பெரிய, பழைய நூலகங்கள் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. சிறியவை, புதியவை வாங்கிக்கொண்டே இருக்கின்றன. 2014இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய சோல் பிளாட்ஜே பல்கலைக்கழகத்தின் நூலகத்தை, நூறு ஆண்டுகளாகப் புத்தகம் சேர்த்த விட்ஸ் (ஜோஹன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம்) அல்லது கேப் டவுன் நூலகத்தோடு எப்படி ஒப்பிடுவது? ஒரு புத்தகத்தை வெளியே அனுப்ப, தேடி எடுக்க ஓர் ஆள், பொதி கட்ட ஓர் ஆள், கூரியர் செலவு. வந்து சேராவிட்டால் மறுபடி வாங்கும் செலவு. அந்தச் சுமை ஒரு பக்கமே சாயும்போது கட்டணம் வருகிறது.

இந்தச் சாய்வு தானாக வந்ததல்ல. 1959ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்களை இனவாரியாகப் பிரித்தது. இந்தியர்களான நம்மவர்களுக்கென்று 1961இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். 1970களில் அது வெஸ்ட்வில் குன்றுக்கு மாறியது. 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய க்வாசுலு-நட்டால் பல்கலைக்கழகமானது. அந்தத் தீவில் படித்த நம் பெரியவர்களுக்கு, அதே நகரத்தின் இன்னொரு குன்றின் மேல் இருந்த நட்டால் பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகம் எவ்வளவு எட்டாத தூரத்தில் இருந்தது என்பதை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

1990களில் நூலகக் கூட்டமைப்புகள் உருவானபோது இந்தப் பள்ளத்தை நிரப்புவதும் ஒரு நோக்கம். மேற்குக் கேப்பில் காலிக்கோ, ஹவ்டெங்கில் கேலிக், கிழக்குக் கேப்பில் சீல்ஸ் என்று பிராந்தியத்துக்கு ஒன்றாக வந்தன. அமெரிக்காவின் மெலன் அறக்கட்டளையின் பணம் அவற்றுக்குப் பெரிய உதவி. கூட்டமைப்புக்குள் கட்டணம் குறைவு, அல்லது இல்லை. வெளியே போனால் உண்டு. ஆகவே கட்டணத்தைக் கேட்குமுன் “எங்கள் இரண்டு நூலகமும் ஒரே கூட்டமைப்பா?” என்று கேளுங்கள்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். நூலகம் நூலகத்திடம் பணம் கேட்பது நியாயம். அந்தப் பணத்தை மாணவர் தலையில் அப்படியே இறக்குவது நியாயமில்லை. சில பல்கலைக்கழகங்கள் ஆய்வு மாணவர்களின் இன்டர்லைப்ரரி லோன் செலவைத் தாங்களே ஏற்கின்றன, சில துறையின் நிதியில் எழுதுகின்றன. உங்கள் துறையில் கேட்டுப் பாருங்கள். கேட்காதவர்களே தங்கள் கையிலிருந்து கட்டுகிறார்கள்.

என் மகன் இளங்கலை இரண்டாம் ஆண்டு. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் புத்தகம் தர முடியாது என்றார்களாம். முதுகலைக்கு மட்டும்தானா? (டோங்காட்)

பல இடங்களில் அப்படித்தான். முதுகலை, ஆய்வு மாணவர்கள், ஆசிரியர்கள் என்று எல்லை போட்டிருப்பார்கள். பாடப்புத்தகத்தை அவரவர் நூலகமே போதிய பிரதிகள் வாங்கி வைக்க வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். எனக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை. புத்தகம் குறைவான கல்லூரியில் படிக்கிற இளங்கலைப் பிள்ளைக்கே உதவி அதிகம் தேவை.

ஆனாலும் உள்ளே உட்கார்ந்து படிப்பதற்குப் பல நூலகங்கள் நாள் அனுமதி தருகின்றன. தேர்வுக்கு முந்திய வாரங்களில் மட்டும் கிடைக்காது, இடம் நிரம்பிவிடும். மகனை ஆகஸ்டிலேயே போகச் சொல்லுங்கள், அக்டோபர்வரை காத்திருக்க வேண்டாம்.

சிஸ்டர், என் மகள் வேறு பல்கலைக்கழகத்தில் எடுத்த புத்தகத்தை டாக்ஸியில் விட்டுவிட்டாள். பயத்தில் இரண்டு மாதமாகச் சொல்லவே இல்லை. என்ன ஆகும்? (ஃபீனிக்ஸ்)

பயப்பட வேண்டாம் அம்மா, ஆனால் நாளைக்கே போகச் சொல்லுங்கள். தொலைந்தது என்று எழுதிக் கொடுக்கும்வரை அது அவர்கள் கணக்கில் தாமதமான புத்தகம், தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். தொலைந்ததாகப் பதிந்த பிறகு புத்தகத்தின் விலையும், புதுப் பிரதியைப் பதிந்து அலமாரிக்குக் கொண்டுவரும் செலவும் கேட்பார்கள். நீங்களே கடையில் ஒரு பிரதி வாங்கிக் கொடுப்பது சில நூலகங்களில் செல்லும், சிலவற்றில் செல்லாது. வாங்குமுன் கேளுங்கள், பதிப்பு மாறினால் ஏற்க மாட்டார்கள்.

கட்டாமல் விட்டால் கணக்கு மகளின் சொந்த நூலகத்துக்கு வரும், கடிதம் கொடுத்தது அவர்கள்தானே. நூலகப் பாக்கி இருந்தால் தேர்வு முடிவையோ பட்டத்தையோ நிறுத்தி வைக்கும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. தொகை பெரிதாக இருந்தால் தவணை கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். மகளை அனுப்பும்போது நீங்களும் கூடப் போங்கள். இந்தக் கவுன்டரில் தனியாக நிற்கிற பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

யூனிசா மாணவன் நான். புத்தகமெல்லாம் பிரிட்டோரியாவில் இருக்கிறது. நான் ஸ்டாங்கரில் இருக்கிறேன். (க்வாடுகூசா, அதாவது ஸ்டாங்கர்)

யூனிசா தொலைதூரக் கல்விக்கென்றே உள்ள பல்கலைக்கழகம் என்பதால் புத்தகத்தை மாணவரிடம் அனுப்புவது அவர்களுக்கு அன்றாட வேலை. பிரிட்டோரியா மக்கல்நுக் வளாகத்து நூலகம் ஆப்பிரிக்காவின் பெரிய கல்வி நூலகங்களில் ஒன்று. உங்களுக்குப் பக்கத்தில் டர்பன் ஸ்டால்வார்ட் சிமெலேன் தெருவில் அவர்களுடைய வட்டார மையம் இருக்கிறது. அங்கே கேளுங்கள். பரஸ்பரக் கடனுக்கான அறிமுகக் கடிதத்தையும் யூனிசா நூலகத்திடமே கேட்க வேண்டும். எங்கள் கவுன்டரில் எழுதித் தர முடியாது.

வேறு பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் இதழ்களை என் வீட்டு லேப்டாப்பில் படிக்க முடியுமா? (லெனேஷியா)

முடியாது. காகிதப் புத்தகம் நூலகத்தின் சொத்து, அதனால் கடன் கொடுக்கலாம். ஆன்லைன் இதழ் பெரும்பாலும் பதிப்பகத்தோடு செய்துகொண்ட உரிம ஒப்பந்தம். சான்லிக் என்ற தேசியக் கூட்டமைப்பு பல்கலைக்கழகங்களின் சார்பில் பேரம் பேசினாலும், உரிமம் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர், ஆசிரியர் எண்ணிக்கையை வைத்துத்தான்.

ஆனால் பல ஒப்பந்தங்களில், நூலகத்துக்குள் நேரில் வந்து அங்குள்ள கணினியில் படிக்கிறவரை அனுமதிக்கும் விதி இருக்கும். கவுன்டரில் விசாரியுங்கள். நண்பரின் பாஸ்வேர்டை வாங்கிப் பயன்படுத்தாதீர்கள். மாட்டினால் கணக்கு முடக்கப்படுவது அவருக்குத்தான். ஒன்றிரண்டு கட்டுரை மட்டும் வேண்டுமென்றால் இன்டர்லைப்ரரி லோனில் ஸ்கேன் பிரதியாகவே வரும்.

முதுகலை, முனைவர் ஆய்வேடுகளுக்குக் கடன் கேட்டு அலைய வேண்டாம். க்வாசுலு-நட்டால், யூனிசா, விட்ஸ், ஸ்டெல்லன்போஷ், கேப் டவுன் எல்லாம் தங்கள் ஆய்வேடுகளை இணையக் களஞ்சியத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. கட்டணம் கட்டி வரவழைத்த ஆய்வேடு இலவசமாகவே கிடந்தது என்று பிறகு தெரிந்து வருந்துகிற மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள்.

நான் மாணவன் இல்லை, ஓய்வு பெற்றவன். என் தாத்தாவின் தாத்தா மதராஸிலிருந்து வந்த கப்பலைத் தேடுகிறேன். பல்கலைக்கழக நூலகம் என்னை உள்ளே விடுமா? (மெரிபேங்க்)

விடும் ஐயா, தாராளமாக. உங்களுக்குக் கடன் வாங்கும் உரிமை தேவையே இல்லை. வெளியார் உறுப்பினர் கட்டணம் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோக விரும்புகிறவர்களுக்குத்தான். நீங்கள் தேடுவது எவருக்கும் கடன் தராத பொருள், அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. இந்நாட்டு இந்தியர்களின் ஆவணங்களுக்கென்றே உள்ள இடம். முன்கூட்டி நேரம் கேட்டுக்கொண்டு, அடையாள அட்டையோடு போங்கள்.

‘ட்ரூரோ’ கப்பல் மதராஸிலிருந்து 1860 நவம்பர் 16இல் டர்பனுக்கு வந்தது முதல் ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிந்திருக்கிறார்கள். கப்பல் பட்டியலில் ஒரு வரியைப் பார்த்தால் எண், பெயர், தந்தை பெயர், வயது, ஜாதி, மாவட்டம், தாலுகா, கிராமம் என்று போகும். அந்த எண் கிடைத்துவிட்டால் மற்ற எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வரும். அதனால் வீட்டுப் பழைய பெட்டியில் பிறப்பு, திருமணச் சான்றுகள் இருந்தால் முதலில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். காதில் விழுந்தபடி குமாஸ்தா எழுதியது. முனுசாமி என்பவர் மூன்சாமி, முனிசாமி, முனசாமி எதுவாகவும் இருக்கலாம். கிராமத்தின் பெயரையும் அப்படியே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வேலூர்ப் பக்கமா, செங்கல்பட்டுப் பக்கமா என்று ஊர் தெரிந்தவர் காதில் விழுந்தால் கண்டுபிடித்துவிடுவார்.

மூதாதையர் முதலில் மொரீஷியஸ் போய் அங்கிருந்து வந்ததாகக் குடும்பத்தில் பேச்சு இருந்தால், அந்தப் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. கடல் தாண்டிப் பரஸ்பரக் கடன் கிடையாது. எழுதிக் கேட்க வேண்டும்.

ஏன் இந்தப் பழைய ஆவணங்களைக் கடனாக வெளியே விடுவதில்லை என்று சிலர் கோபப்படுகிறார்கள். ஒரே பிரதி போனால் போனதுதான். 2021 ஏப்ரல் 18 அன்று கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் வாசக அறை காட்டுத்தீயில் எரிந்தது. ஆப்பிரிக்க ஆய்வு நூல்கள் ஆயிரக்கணக்கில் போயின, பலவற்றுக்கு வேறு பிரதி இல்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் பிரிவில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். தமிழ்ப் புத்தகம் கடன் வாங்க வழி உண்டா? (ஐசிப்பிங்கோ)

வெஸ்ட்வில்லில் ஒரு காலத்தில் தமிழ் பாடமாகவே இருந்தது, அதனால் அங்கே தேடிப் பாருங்கள். வகுப்புக்குப் பழைய இலக்கியம் வேண்டுமென்றால் 1998 முதல் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவரும் மதுரைத் திட்டத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், கட்டணமும் இல்லை, திருப்பித் தரும் தேதியும் இல்லை. அரிய பழைய அச்சு நூல் என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதுங்கள்.

கடன் வாங்கிய புத்தகத்தை முழுசாக ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்ததே? (வெருலம்)

தீராது. 1978ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவு பிரதியெடுக்க இடம் தருகிறது. முழுப் புத்தகம் அந்த அளவுக்குள் வராது. எங்களிடம் கேட்டாலும் ஓர் அத்தியாயம், ஓர் இதழிலிருந்து ஒரு கட்டுரை என்ற அளவில்தான் எடுத்துத் தருவோம். பொருளடக்கப் பக்கத்தை முதலில் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்து வேண்டிய அத்தியாயத்தைக் குறித்து அனுப்பினால் எங்களுக்கும் வேலை சீக்கிரம் முடியும்.