மலேசியாவின் சிலாங்கூர் மாநிலச் சதுப்புக் காட்டுச் சிவப்புச் சண்டை மீன் குறைந்துவருவது மீன்தொட்டிக்காரர்கள் பிடிப்பதாலா?

அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த மீனுக்கு முதல் எதிரி கான்தான், சதுப்பு நீரை வடிக்க வெட்டும் வாய்க்கால்.

என் அப்பா செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் கான் வெட்டியவர். சதுப்பில் தண்ணீர் வடியாமல் செம்பனை பிடிக்காது. அந்தக் கூலியில்தான் நாங்கள் படித்தோம். அதனால் வெட்டியவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. மீனை நினைத்தால்தான் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

அதன் பெயர் பெட்டா லிவிடா. 1992-இல் பெயரிட்டார்கள். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. கருஞ்சிவப்பு உடம்பு, விலாவில் ஒரு பச்சைப் பொட்டு, அவ்வளவு அழகு! அது வாழும் தண்ணீர் தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர் நிறத்தில் இருக்கும். உதிர்ந்த இலைகளின் சாறு இறங்கி, பல மீன்கள் தாங்காத அளவுக்குப் புளித்த, அதாவது அமிலம் ஏறிய நீர். இதுவோ மேலே வந்து காற்றைக் குடித்துக்கொண்டு, சருகுக்கடியில் நிம்மதியாக இருக்கும். முட்டைகளை நுரைக்கூட்டில் வைத்து ஆண் காவல் காக்கும்.

அந்த நிலமே மட்காத இலையும் வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த பீட் மண். நீர் நிற்கும்வரைதான் அது மண். கான் வெட்டி வடித்தால் காற்றுப் பட்டு மட்கி, தரையே ஆண்டுக்காண்டு தாழ்கிறது. வறட்சியில் தீப்பிடித்தால் மேலே சுடர்கூடத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். எரிந்த இடத்தில் மரமில்லை, நிழலில்லை. இலை விழாத தண்ணீர் கறுக்காது. தோட்டத்துச் சுண்ணாம்பும் உரமும் கலந்தால் இருக்கிற புளிப்பும் போய்விடும்.

காடு இப்படிச் சுருங்கிய பிறகு, மிச்சமுள்ள குட்டையில் வலை போட்டு அள்ளுவது பெரிய அடிதான். வளர்க்க ஆசைப்பட்டால் தொட்டியில் பிறந்த மீனா என்று கேட்டு வாங்குங்கள்.

சிலாங்கூரிலுள்ள வட கோல லங்காட் சதுப்புக் காட்டின் ஒரு பகுதியை வனக் காப்பிலிருந்து நீக்கிவிட்டதாக 2021 ஆகஸ்டில் அறிவித்தார்கள். ஓராங் அஸ்லி பூர்வகுடி மக்களும் மற்றவர்களும் விடாமல் எதிர்த்ததில், அடுத்த மாதமே மாநில அரசு பின்வாங்கியது. சிலாங்கூரின் ராஜா மூசா சதுப்புக் காட்டில் 2008 முதல் மரம் நடுகிறார்கள், பழைய கான்களை அடைக்கிறார்கள்.

அப்பாவை ஒருமுறை அங்கே கூட்டிப்போனேன். அடைத்த கான் ஓரம் குந்தி வெகுநேரம் தண்ணீரையே பார்த்தார்.

"மீனு திரும்பி வந்துருச்சாய்யா?"

"தண்ணி கறுத்திருக்குப்பா" என்றேன்.